கோபுரத்துச் சேவல்

டிசம்பர் புயலில் எங்கள் வின்ஸ்வெர்ட் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டிய செப்புச் சேவல் பிய்ந்து கால்வாயில் விழுந்தது. மீட்டெடுத்து, நிமிர்த்தி, தங்கப்பூச்சும் பூசியாயிற்று. மே மாதம் அதை ஏற்ற நகரத்திலிருந்து கிரேன் வந்தது. ஊருக்குள் வரக் கால்வாய் மேலிருக்கும் தூக்குப்பாலத்தை இயக்குவது என் வேலை. ஐந்து டன்னுக்கு மேல் அந்த மரப்பாலம் தாங்காது என்று கிரேனை அக்கரையிலேயே நிறுத்திவிட்டேன்.

சபைத் தலைவர் வுப்கோ தலையில் கை வைத்தார். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "கோழிக்கூண்டுல வைங்க, முட்டையாவது கிடைக்கும்" என்றான்.

கூரை வேலை செய்யும் ஹேஸ்கே அங்கே நின்றிருந்தாள். ஐம்பத்திநாலு வயது. ஜனவரியிலேயே இந்த வேலையைக் கேட்டிருந்தாள். இந்த வயதில் ஒரு பெண்ணை அனுப்ப முடியாது என்று சபை மறுத்துவிட்டது.

"கிரேன் எதுக்கு வுப்கோ அண்ணே? ஏணியும் கயிறும் போதும்."

"விழுந்தா யார் பதில் சொல்றது?"

"விழுந்தவ கிட்ட யாரும் கேக்கப் போறதில்ல. கோபுரச் சாவியக் குடுங்க."

குடுத்தார்.

பதினாலு கிலோ சேவலை முதுகில் கட்டிக்கொண்டு மணிக்கூடம் வரை உள்ளே ஏறினாள். பிறகு சிறு கதவு வழியாக வெளியே வந்து, கூம்புக் கூரையின் இரும்புக் கொக்கிகளில் ஏணியை மாட்டி மாட்டி, கயிற்றை இடுப்பில் இறுக்கி மேலே போனாள். காற்று அவள் சட்டையைப் பலூனாக ஊதியது. கீழே ஊரே கூடி அண்ணாந்து பார்த்தது.

உச்சியில் சேவல் உட்கார மறுத்தது. அதைச் செருக வேண்டிய கம்பியின் நுனியைப் புயல் நசுக்கியிருந்தது. ஒரு கையால் கூம்பை அணைத்துக்கொண்டு மறு கையால் அரம் போட்டாள். அரைமணி நேரம். என் கழுத்து வலித்தது, ஆனாலும் ஒருவரும் நகரவில்லை.

திடீரென்று சேவல் கம்பியில் இறங்கியது. ஒரு முறை சுற்றி, தங்கமாய் மின்னி, கடல்காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது.

வுப்கோ ஓடிப்போய்த் தானே மணிக்கயிற்றை இழுத்தார். எதிர்க்கரையில் கிரேன் ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். ஹேஸ்கே தரையில் கால் வைத்ததும் ஊர்ப் பேக்கரியில் வேலை செய்பவர்கள் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

"மேலேர்ந்து என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"வுப்கோ அண்ணன் வீட்டுக் கூரையில நாலு ஓடு காணோம்" என்றாள். "நாளைக்கு மாட்ட வரேன்னு அவர்கிட்ட சொல்லு."