தக்காளிக்குத் தண்ணீர் நிறுத்தம்

செடிக்கு அடியில் வைத்த தட்டில் எழுநூறு மில்லி தண்ணீர் வடிந்திருந்தது. நர்ஸம்மா அளவுக் கோப்பையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மறுபடி பார்த்தாள். அதே எழுநூறு. காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவள் தக்காளிச் செடிக்கு ஊற்றியது ஐந்நூறு. உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம் என்று சொன்னால் வார்டில் எந்த டாக்டரும் நம்ப மாட்டார். சார்ட் எழுதினவளைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

பால்கனி என்று பேர்தானே தவிர, இரண்டு பேர் நின்றால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள வேண்டும். அங்கே முதலில் வைத்த புதினா பத்தே நாளில் போய்ச் சேர்ந்தது. கீரையைப் புறா முடித்துவைத்தது. மூன்றாவதாக, பழைய பெயின்ட் வாளியில் இந்தத் தக்காளி. "நர்ஸம்மா, உன் கைராசிக்கு ஆஸ்பத்திரியில எப்படி ஆளுங்க பொழைச்சு வீடு திரும்புறாங்க?" என்று கேட்டான் அவள் கணவன். பஸ் டிரைவர். அந்த வீட்டில் துணி துவைப்பது அவன் வேலை. இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கிறது, வாஷிங் மெஷின் வாங்கியே ஆகவேண்டும், வைக்க பால்கனியை விட்டால் வேறு இடமில்லை என்று ஒரு வருடமாக ஓதிக்கொண்டிருந்தான். பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. ஒன்றாம் தேதிக்குள் ஒரு பிஞ்சாவது பிடித்தால் பால்கனி அவளுக்கு. இல்லையென்றால் மெஷினுக்கு.

ரோஷத்தில் சரி என்றுவிட்டாள். ஆனால் நாள் முழுக்க வார்டில் தேய்கிற உடம்புகளையே பார்க்கிறவளுக்கு, தன் கையில் ஒன்று வளர்வதைப் பார்க்க அவ்வளவு ஆசை இருந்தது. இப்போது மூன்று நாள்தான் பாக்கி. வந்த பூவெல்லாம் உதிர்ந்து, அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அதனால்தான் நோயாளிக்கு வைப்பதுபோல இதற்கும் வரவு போக்கு அளக்க ஆரம்பித்தாள்.

அவள் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவாள். அவனுக்கு மதிய ஷிப்ட். நடுவில் வீட்டில் இருப்பது அவன் ஒருத்தன்தான். படுபாவி, மெஷினுக்காக ஒரு வாயில்லா ஜீவனை மூழ்கடிக்கிறானா? இருபத்திரண்டு வருடத்தில் சீட்டாட்டத்தில்கூட ஏமாற்றாத மனுஷன். செடி போவதைவிட அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு ஆஃப். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தாள். பத்து மணிக்குப் பால்கனிக் கதவு மெல்லத் திறந்தது. பூனைபோல எழுந்துபோய்ப் பார்த்தாள். காக்கிச் சட்டையில் அவன் குந்தியிருந்தான். கையில் பஸ்ஸுக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டில்.

"குடிடா ராஜா. இன்னும் ரெண்டே நாள்தான். ஒரே ஒரு பிஞ்சு விடு, போதும். அவ மூஞ்சி சுருங்கினா என்னால பாக்க முடியாது."

சந்தேகப்பட்ட தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். இருந்தாலும் விடவில்லை. "டிரைவர் சார், என்ன நடக்குது இங்க?"

பாட்டில் கை நழுவி உருண்டது. "இல்லம்மா... பத்து மணி வெயில்ல தலை தொங்கிப்போய் நிக்குது. டியூட்டி அவசரத்துல நீ ஊத்தாமப் போயிடுறேன்னு நெனச்சு..."

"நான் தினமும் ஊத்திட்டுத்தான் போறேன்."

"நானும் தினமும்தான்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை. மஞ்சள் இலையைத் தொட்டு, "அப்போ நான்தான் இதை இப்படி ஆக்கிட்டேனா?" என்றான். வண்டியில் யாரையோ இடித்துவிட்டவன் முகம் அது.

"வேர் அழுகலேன்னா தேறிடும். எனக்குத் தெரியாத கேஸா?" என்று அவன் தோளில் தட்டினாள். உள்ளே போய் ஒரு தாளில் கோடு போட்டு, தேதி, நேரம், தண்ணீர், கையெழுத்து என்று நான்கு கட்டம் கட்டினாள். மேலே 'தண்ணீர் நிறுத்தம்' என்று பெரிதாக எழுதி, பேனாவோடு சேர்த்து பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டாள்.

ஒன்றாம் தேதியும் வந்தது. பிஞ்சு வரவில்லை. "பந்தயம்னா பந்தயம்தான். மெஷின் வந்தா வாளியை மொட்டை மாடியில வச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினாள். மாடிக் காற்றில் செடி ஒரு வாரம்கூடத் தாங்காது என்பது இருவருக்கும் தெரியும். அன்று வார்டில் பார்த்ததை மறந்து ஒரே ஆளுக்கு இரண்டு முறை காய்ச்சல் பார்த்தாள்.

சாயங்காலம் கதவைத் திறந்தால், ஹாலில் டிவிக்கு எதிரே வெள்ளை வெளேரென்று மெஷின் நின்றது. குழாய் சமையலறைத் தொட்டிவரை நீண்டு கிடந்தது. மெஷின் நின்ற இடத்தில்தான் அவனுடைய சாய்வு நாற்காலி இருக்கும். யாரையும் உட்கார விடமாட்டான். நாற்காலி எங்கே என்று தேடினாள். பால்கனிக் கதவில், பாதி உள்ளே பாதி வெளியே, வாளிக்கு முட்டுக் கொடுத்தாற்போல் கிடந்தது.

பையை இறக்கிவைக்காமலே அதில் உட்கார்ந்து, கம்பியில் ஆடிய தாளைப் பிடித்தாள். டிரைவரின் கோணல் எழுத்து கட்டத்தில் அடங்காமல் வெளியே ஓடியிருந்தது.

'10 மணி. தண்ணி ஊத்தல. சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன்.'