மாடில்லாத பேராசிரியர்

மாடு எதைத் தின்ன வேண்டும், எவ்வளவு தின்ன வேண்டும், தின்றதில் எவ்வளவு கறியாகும், எவ்வளவு சாணியாகும் என்று ஓரின் வெஸ்டர்கார்ட் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பக்கத்தில் அவர் கால் படாத பட்டி இல்லை. எத்தனால் ஆலையில் மிஞ்சும் சோளச் சக்கையைப் பற்றி மட்டும் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை அடுக்கினால், ஒரு கன்றுக்குட்டி ஏறி நின்று வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் மூன்று வரிக்குப் பட்டம். சொந்தமாக ஒரு மாடு கிடையாது.

அந்தப் பக்கத்தில் ஒருவரிடம் "உங்களுக்கு எத்தனை மாடு?" என்று கேட்பது, பாங்கில் எவ்வளவு போட்டிருக்கிறாய் என்று கேட்பது மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள். ஓரினிடம் கேட்காததற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. பதில் ஊருக்கே தெரியும். அவருடைய அப்பா மந்தையை ஏலத்தில் விட்ட வருடம், ஓரின் பல்கலைக்கழகத்தில் மாட்டு வயிற்றின் நாலு அறைகளைப் பற்றிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். முதல் வகுப்பு வாங்கினார்.

குளிர்காலக் கூட்டங்களில் அவர் திரையில் படம் காட்டிப் பேசுவார். கேள்வி உண்டா என்பார். மண்டபம் முழுக்கத் தொப்பிகள் தரையைப் பார்க்கும். கூட்டம் முடிந்து அவர் வண்டிக்குப் போனால்தான் ஒவ்வொருவராக வந்து பிக்கப் வண்டியின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி, பனியைக் காலால் கிளறிக்கொண்டே, "என் மச்சான் ஒருத்தன் இருக்கான், அவன் மாடு இளைச்சுப் போச்சு…" என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பக்கத்து மச்சான்களின் மாடுகள் எல்லாமே இளைத்தவை. ஓரின் ஒரு நாளும் சிரித்ததில்லை. அந்தப் பிக்கப் ஓரம்தான் அவர் வாழ்க்கையிலேயே கண்ட நல்ல இடம்.

ஆனால் அவர் ஏங்கியது வேறு இடத்துக்கு.

மே மாதம், யார் மாடு என்று தெரியக் கன்றுகளுக்குப் பட்டிக் குறியைச் சூடு போடுவார்கள். கூலி கிடையாது. உன் பட்டிக்கு நான் வருகிறேன், என் பட்டிக்கு நீ வா, அவ்வளவுதான். யார் என்ன வேலை செய்வது என்று பட்டிக்காரர் சொல்வார். குதிரை மேலிருந்து கயிறு வீசிக் கன்றின் பின்னங்காலைப் பிடித்து நெருப்பருகே இழுத்து வருவதுதான் பெரிய கௌரவம். அதைக் கேட்டு வாங்கக் கூடாது; கொடுத்தால்தான் உண்டு. லவோன் ஸ்கோடா பட்டியில் இருபது வருடத்துக்கு மேலாக ஓரினுக்குக் கொடுக்கப்பட்டது தடுப்பூசித் துப்பாக்கி.

"டாக்டரே, ஊசி உங்களுக்கு. புட்டி மேல இருக்கறதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்பாள் லவோன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவளுக்கு அறுபது வயதிருக்கும். கணவன் போன பிறகு தனியாக மந்தையைக் கட்டி மேய்க்கிறவள். அவள் சொல்லுக்குக் காளைகளே எதிர்வாய் பேசாது.

ஓரின் வீட்டு கார் கொட்டகையில் ஒரு உலர்புல் கட்டும், அதில் செருகிய பிளாஸ்டிக் கன்றுத் தலையும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கயிறு வீசிப் பழகுவார். அவர் மனைவி மெரிடித் காரை மழையில் நிறுத்தப் பழகிக்கொண்டாள். "இன்னிக்கு எத்தனை பிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்பாள். பிளாஸ்டிக் கன்று ஓடாது என்பதை நல்ல மனைவியாக அவள் சுட்டிக்காட்டியதில்லை.

இந்த வருடம் ஜூனில் ஓய்வு. அதற்கப்புறம் பல்கலைக்கழக வண்டி இல்லை, சோதனைத் தீவனம் இல்லை, இந்தப் பக்கம் வரச் சாக்கும் இல்லை. யார் கூப்பிடுவார்கள்? அண்டை வீட்டுக்காரன் அண்டை வீட்டுக்காரனைக் கூப்பிடுவான். சூடு போட ஒரு கன்றில்லாதவனுக்கு யாரும் பதில் உதவி செய்ய முடியாது. பதில் உதவி செய்ய முடியாதவனிடம் உதவி வாங்க யாருக்கும் மனசு வராது. விருந்தாளிக்கு நல்ல சோறு கிடைக்கும், அதோடு சரி. ஆகவே கயிறு கையில் வந்தால் இந்த மே மாதம் வர வேண்டும்.

வந்தது. ஆனால் வந்த விதம் கேவலம்.

சூடு பாதி முடிந்திருந்தபோது புழுதியைக் கிளப்பிக்கொண்டு பல்கலைக்கழக டீன் வந்து இறங்கினார். டாக்டர் பிரஸ்டன் ஹால்ட்மன். விலைச்சீட்டை அன்று காலைதான் கிழித்த மாதிரி பூட்ஸ். கூடவே ஒரு புகைப்படக்காரர். டீன் வேலிமேல் ஒரு காலை வைத்து, பல்கலைக்கழகமும் உற்பத்தியாளரும் கைகோத்து நடக்கும் நீடித்த கூட்டு முயற்சியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். கன்றுகள் இடைவிடாமல் கத்தியதால் பேச்சு நன்றாகவே இருந்தது.

பிறகு லவோனிடம், "நம்ம ஓரின் குதிரை மேல, கையில கயிறோட, ஒரே ஒரு படம். பல்கலைக்கழக மலர்ல போடணும்" என்றார்.

லவோன் ஓரினைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்தவர் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத ஊர் அது. தன் குதிரையிலிருந்து இறங்கி, கடிவாளத்தையும் கயிற்றையும் நீட்டினாள். இரண்டு பேர் ஒரு கன்றை முன்கூட்டியே பிடித்து, படத்தில் தங்கள் கை விழாதபடி உட்கார்ந்தார்கள்.

ஓரின் கயிற்றை வாங்கினார். கார் கொட்டகைக் கயிறு மாதிரி இல்லை. வியர்வையும் குதிரை முடியும் ஏறி, உள்ளங்கைக்குத் தானாகப் பொருந்தியது. இருபது வருட ஆசை உள்ளங்கையில் கனத்தது. ஏறினால் போதும். மலரில் வரும். மெரிடித் சட்டம் போட்டு மாட்டுவாள். பார்க்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது?

பிடித்து வைத்த கன்று அவரைப் பார்த்தது. அந்தப் பிளாஸ்டிக் தலைக்கு இதைவிடச் சுதந்திரம் இருந்தது.

"ஊசி பாதியில நிக்குது லவோன்" என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

டீனுக்கு முகம் சுருங்கியது. "அப்ப நான் வேணா ஏறட்டுமா?" என்றார்.

"உங்களுக்கு வேற முக்கியமான வேலை வச்சிருக்கேன் சார்" என்று லவோன் அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தாள். காளைக்கன்றுகளுக்கு விதை எடுத்து அதில் போடுவது வழக்கம். டீன் எட்டிப் பார்த்தார். வாளியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்ட படம் எந்த மலரிலும் வரவில்லை.

டீன் வண்டி கிளம்பியதும் கயிறு இன்னும் லவோன் கையிலேயே இருந்தது. அவள் சுற்றிப் பார்த்தாள். ஓரின் மருந்துப் புட்டியைக் குலுக்குகிற சாக்கில் தலை குனிந்துகொண்டார். காது மட்டும் நிமிர்ந்திருந்தது.

"யோவ் கிப்! ஏறு. நீயும் எத்தனை நாள்தான் வேடிக்கை பாப்ப?"

கிப் ராடமாக்கர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. போன வருடம்தான் கொஞ்சம் மாடு வாங்கினான். ஜனவரியில் ஓரினுடைய பிக்கப் ஓரத்தில் நின்று, உலர்புல் கட்டைப் பிரித்துப் போடணுமா அப்படியே போடணுமா என்று கேட்டவன். முதல் வீச்சில் குதிரையின் காதைப் பிடித்தான். இரண்டாவதில் தன் தொப்பியை.

"கிப்பு, அது ரெண்டும் பாலிசி எடுத்திருக்கா?"

"விடுய்யா, கன்னுக்குட்டி சிரிச்சுச் செத்துடும். அப்புறம் நீதான் பணம் கட்டணும்!"

பட்டியே உருண்டு சிரித்தது. கிப் முகம் சிவந்து, பல்லெல்லாம் தெரிய நின்றான். ஓரினை இத்தனை வருடத்தில் இப்படி ஒருவரும் கேலி செய்ததில்லை. டாக்டரைக் கேலி செய்ய முடியுமா? கடைசியில் கிப் எப்படியோ ஒற்றைக் காலில் மாட்டி இழுத்து வந்த கன்றுக்கு, ஓரின் கழுத்துத் தோலைத் தூக்கி, சரியான இடத்தில், சரியான அளவு மருந்து ஏற்றினார்.

மதியச் சாப்பாட்டில் வாட்டிய மாட்டிறைச்சியும் பீன்ஸும் லவங்கப்பட்டை ரோலும். ஓரின் தட்டில் கைவைக்காமல் எழுந்துபோய் லவோனின் பிக்கப் ஓரத்தில் முழங்கையை ஊன்றி நின்றார். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து எதிர்ப் பக்கம் ஊன்றினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி கேட்கிறவர் பக்கத்தில் அவர் நின்றார். அவருக்கும் மண்ணைக் காலால் கிளறத்தான் தோன்றியது.

"எனக்கு ஒரு மச்சான் இருக்கான்" என்று ஆரம்பித்தார்.

"இளைச்ச மாடா?"

"மாடே இல்ல. ஒண்ணு வாங்கணுங்கறான்."

லவோன் சிரிக்கவில்லை. "ஒண்ணா? ஒண்ண வச்சு என்ன பண்ணுவானாம்?"

"உன் புல்லுல விடுவான். நீ சம்மதிச்சா. புல்லுக்குப் பதிலா இங்க வந்து வேலி கட்டுவான், உலர்புல் அடுக்குவான். என்ன சொன்னாலும் செய்வான்."

"சூட்டுக் குறி?"

"அப்பாவோடது. இத்தனை வருஷமும் புதுப்பிச்சிட்டுதான் வரேன்."

"தெரியும். மாடில்லாத குறிக்கு வருஷக்கணக்கா கட்டணம் கட்டுற ஒரே கிறுக்கன் நீதான்னு ஊரே சொல்லும்" என்றாள் லவோன். மேட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினாள். "அந்தக் காது கருகினத வேணா எடுத்துக்க."

ஓரின் பார்த்தார். சிறுவயதில் பனி கடித்துக் காது பாதியான கறுப்பு மாடு. மற்றதெல்லாம் கன்றோடு நிற்க, அது மட்டும் இன்னும் ஈனாமல் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தனியாக மேய்ந்தது. விலாவில் சதை போதாது. குணமும் போதாது.

"போன வருஷமும் கன்னு பிந்திதான் போட்டுது. இந்த வருஷமும் பிந்துது" என்றாள் லவோன். "மண்டபத்துல படம் காட்டி, இந்த மாதிரி மாட்ட ஒரு நாள்கூட வச்சிருக்காதீங்கன்னு ஒரு பெரிய மனுஷன் மூச்சு விடாம சொல்வாரு. அவருகிட்ட வேணா ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குய்யா."

"அவரு கிடக்காரு" என்றார் ஓரின். "அந்தாளுக்கு மாடே கிடையாது."

கையை நீட்டினார். அவள் குலுக்கினாள். சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து கிப், "என்னா ஓரின், கழிச்சுவிட வேண்டியதப் போயி கட்டிக்கிட்டியா?" என்று கத்தினான். மேஜை முழுக்கச் சிரிப்பு.

ஓரின் மேட்டுக்கு நடந்தார். எதைத் தின்கிறது, எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் போட மூளை ஒருமுறை ஓடித் திரும்பி வந்தது. பத்தடி தள்ளி நின்று, பெயர் தெரியாத ஆளைக் கூப்பிடுவது போல, "ஏய்" என்றார்.

மாடு தலையைத் தூக்கி, பாதிக் காதை ஆட்டிவிட்டு, அவருக்கு எட்டாத தூரத்துக்கு நடந்துபோய் மறுபடி மேய ஆரம்பித்தது. அது யாருடைய மாடு என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அவர் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.