ஒன்பதாம் நம்பர் பனியன்

2006. கோயம்புத்தூர் கால்பந்து ஃபைனலில் எங்கள் பனியன் கம்பெனி பெண்கள் அணிக்காக இரண்டு கோலையும் நான்தான் அடித்தேன். ஆடி முடித்த கையோடு எங்களை வேனில் ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனியில் பாராட்டு விழா. எங்கள் பனியன்களை வாங்குகிற பையர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் மேனேஜர் என்னை மறித்தார்.

"பேச்சி கண்ணு, அந்த ஒம்பதாம் நம்பர் பனியனைக் கழட்டிக் குடு. மொதலாளி பொண்ணு போட்டுக்கிட்டு பையரோட போட்டோ எடுக்கோணுமாமா."

"கோல் அடிச்சது அவங்களா சார்?"

"பாக்க நல்லா இருக்கோணுமில்ல, கண்ணு?"

பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தோழியின் சுடிதாரை மாட்டிக்கொண்டேன். முதலாளி மகள் அனுப்பிரியா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஐய, வேர்வை நாத்தம்!"

மேனேஜர் ஓடிப்போய் சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்து பனியன் நனைய நனைய அடித்தார். அவள் அதை மாட்டிக்கொண்டு, கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். ஒரு ஆட்டத்துக்குக்கூட எட்டிப் பார்க்காத முதலாளி கை தட்டினார்.

விழா முடிந்து பனியன் என்னிடம் திரும்பி வந்தது. எத்தனை தரம் துவைத்தும் அந்த சென்ட் வாடை போகவில்லை. தலைவழியே மாட்டும்போதே குமட்டியது. வெட்டி, மிஷின் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணியோடு போட்டேன்.

வேறொரு பனியனில் ஒன்பதை நானே தைத்துக்கொண்டேன். இந்த சீசன் முழுக்க அதில்தான் ஆடுகிறேன். ஒருமுறைகூடத் துவைக்கவில்லை. இதையும் வந்து கேட்கட்டும்.