நல்லா பண்ணினான்

இருட்டறையில் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கைக்குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு அதன் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக்கு வந்த பெண் குழந்தையின் கண்ணுக்குக் கீழே மெல்லிய ஒயரை ஒட்டினாள். வெளிச்சம் பளிச்சிடும்போதெல்லாம் விழித்திரையில் உண்டாகும் மின்துடிப்பு, கருவியின் திரையில் ஒரு பள்ளமும் ஒரு மேடுமாக எழ வேண்டும்.

இந்தக் கண் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இடம் கிடைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிடைத்த பிறகும் வீட்டில் யாருக்கும் அது பிடிபடவில்லை. "டாக்டரும் இல்ல, நர்சும் இல்ல, கண்ணாடிக் கடையும் வைக்கப் போறதில்ல. அப்புறம் நீ யாருதான்மா?" என்று அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வம்புக்கு இழுப்பான். கண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அளந்து சொல்கிறவள் என்பாள் இவள். "யாருகிட்ட சொல்லுவ?" என்பான். டாக்டரிடம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்றுதான் முழுச் சோதனையையும் தனியாகச் செய்கிறாள். பின்னால் அவளுடைய மேற்பார்வையாளர் நின்றிருந்தார். பாதி ஆயுளை இந்த அறையிலேயே கழித்தவர் என்பதால் பயிற்சிக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் இருட்டம்மா. அது அவருக்கும் தெரியும்.

வெளிச்சம் பளிச்சிட்டது. திரையில் கோடு நேராகவே ஓடியது. வெளிச்சத்தைக் கூட்டினாள். அப்போதும் நேராகவே ஓடியது.

"ஒயர்ல கோளாறு மேடம்," என்றாள் மெதுவாக.

"மாத்திப் பாரு."

மாற்றினாள். மறு கண்ணிலும் பார்த்தாள். கடைசியில் வேறொரு ஒயரைத் தன் கண்ணின் கீழே ஒட்டிக்கொண்டு அதே கருவியின் முன்னால் உட்கார்ந்தாள். "மெஷினச் சரிபாக்கறோம்மா," என்று இருட்டம்மா தாயிடம் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். திரையில் பள்ளமும் மேடும் கச்சிதமாக எழுந்தன. தன் கண் இவ்வளவு நன்றாக இருந்ததற்காக அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூசினாள்.

"சுத்தமா செஞ்சிருக்க," என்றார் இருட்டம்மா அவள் காதருகே. "தேறிட்ட."

ஒயரைக் கழற்றும்போது தாய் அவள் முகத்தையே பார்த்தாள். "எப்படிங்க இருக்கு?"

"ரிசல்ட்ட டாக்டர்தான் சொல்லுவாங்கக்கா," என்று நிறுத்தியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்த முடியவில்லை. "தம்பி நல்லா பண்ணினான். அழவே இல்ல."

கதவு மூடியதும் வெளியே தாய் போனில் பேசும் குரல் கேட்டது. "ஏங்க... நல்லா இருக்காம்ங்க! அந்தப் பொண்ணே சொல்லிருச்சு. உங்கம்மாகிட்ட சொல்லுங்க, சும்மா பயமுறுத்திட்டே இருந்தாங்கல்ல."

"நல்லாங்கற வார்த்தைய இங்க யாரும் வாயில எடுக்கறதில்ல," என்றார் இருட்டம்மா. குரலில் கோபம் இல்லை.

"நான் போய்ச் சொல்லிடட்டுமா மேடம்?"

"என்னன்னு சொல்லுவ?"

அவள் கழற்றிய ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

"டாக்டர் அடுத்த வாரம்தான் வருவார். அதுவரைக்கும் அந்தம்மா தூங்கட்டும் விடு. அதுக்கப்புறம் தூங்கமாட்டா."

அவளால் விட முடியவில்லை. வெளியே போனாள். தாய் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். "வாங்க. உங்க கைராசிதான். இவன கொஞ்சம் வச்சுக்கங்க, பையை எடுத்து வச்சிடறேன்." இவள் சரியென்று சொல்வதற்குள் குழந்தை மடிக்கு வந்துவிட்டது. வெதுவெதுப்பாக, எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"அக்கா, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். தாய் புன்னகையோடு நிமிர்ந்தாள். இவள் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

குழந்தை முஷ்டியை மடக்கித் தன் கண்ணில் வைத்து அழுத்தியது. கசக்கவில்லை, உள்ளே எதையோ தேடுவதுபோல ஆழமாக அழுத்தியது. பார்வை இல்லாத குழந்தைகள் ஏன் அப்படி அழுத்துகின்றன என்று அவள் படித்திருக்கிறாள்.

"தூக்கம் வந்திருச்சு அவனுக்கு," என்றாள் தாய், பையின் ஜிப்பை இழுத்தபடி.

அவள் அந்தக் குட்டிக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். அது மறுபடி மேலே போனது.