உட்கார இடமில்லாத துணிக்கடை

ஐம்பது நாடுகளில் கிளை பரப்பிய அந்தத் துணிக்கடைக்குள் பெரியப்பா முதலில் நுழைந்தார். பின்னால் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகள், இன்னும் ஆறேழு உறவுகள். தம்பி மகளுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு உடை எடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் கைக்குட்டை வாங்குவதானாலும் பெரியப்பா தலையசைத்த பிறகுதான் பில். அவர் உடம்பில் பல்லும் முட்டியும் எப்போதோ சொன்ன பேச்சு கேட்பதை நிறுத்திவிட்டன. அந்தத் தலையசைப்பு ஒன்றுதான் இன்னும் செல்லுபடியானது.

வழக்கமான கடையில் முதலில் நாற்காலி வரும். அப்புறம் முதலாளி, கடைசியில் துணி. இங்கே துணி மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் தொங்கியது.

"நாற்காலி எங்கே?"

"இல்லை சார்," என்றார் மேனேஜர், கழுத்தில் அட்டை தொங்க. "தலைமை அலுவலகம் ஆராய்ச்சி பண்ணி வெச்ச விதி. உட்கார்ந்தவங்க வாங்க மாட்டாங்களாம்."

"நான் உட்காராம எங்க வீட்டுல எவனும் வாங்க மாட்டான். அதையும் ஆராய்ச்சி பண்ணச் சொல்லுங்க."

"அண்ணே, விடுங்களேன்," என்று தம்பி முழங்கையைத் தொட்டார்.

பெரியப்பா விடவில்லை. கண்ணாடி ஜன்னலோரம் கோட்டு சூட்டோடு ஒரு பொம்மை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குத் தலை கிடையாது. "தலையே இல்லாதவனுக்கு நாற்காலி, குடும்பத்துக்குத் தலையா இருக்கிறவனுக்குத் தரையா? எழுந்திருப்பா!" என்று அதைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்துவிட்டு அமர்ந்தார். கல்யாணப் பெண்ணின் அப்பா பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

தெருவில் போனவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பெரிய மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் இது மரியாதை தெரிந்த கடைதான். சற்று நேரத்தில் வேறொரு குடும்பம் நுழைந்தது. அதன் பெரியவர் துணியைத் திரும்பியும் பார்க்காமல், "அவருக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணு," என்றார். மேனேஜர் ஆராய்ச்சியை ஒரு கணம் நினைத்தார், விற்பனையையும் நினைத்தார். பிறகு ஓடிப்போய் இன்னொரு பொம்மையை எழுப்பினார்.

தம்பி மகள் நீல உடை அணிந்து வந்து சுற்றிக் காட்டினாள். பெரியப்பாவின் கண் விலைச்சீட்டு தொங்கியிருக்க வேண்டிய கைமடிப்பில் நின்றது.

"விலைச்சீட்டு எங்கேம்மா?"

தம்பி பொம்மையின் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி கூரையைப் பார்த்தாள்.

"போன்லயே பணம் கட்டிட்டேன் பெரியப்பா. நீங்க நாற்காலிக்குச் சண்டை போட்டுட்டு இருந்தீங்களா, அதான்..."

மேனேஜர் உற்சாகமாக இடையில் புகுந்தார். "பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடலாம் சார். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டோம்."

"கேக்க மாட்டீங்களா? எங்க வீட்டுப் பொண்ணு வாங்கின பொருளைத் தூக்கிட்டுத் திரும்ப வருவா, நீங்க ஏன்னுகூடக் கேக்க மாட்டீங்க! நல்ல மரியாதை."

அந்த வீட்டுக்கு வந்த பொருள் எதுவும் கடைவாசலுக்குத் திரும்பியதில்லை. வேண்டாம் என்றால் குடும்ப மானம் போகும். சரி என்றால், முடிந்துபோன வியாபாரத்துக்கு மண்டையை ஆட்டிய பொம்மை ஆகிவிடுவார். அந்தத் தலையில்லாதவனாவது அந்தக் கஷ்டம் இல்லாமல் இருக்கிறான்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. என்ன, முன்னாடியே கேட்டிருந்தா, அதோ தொங்குதே, அந்தப் பச்சை உடையையும் என் செலவுல எடுத்துக்கச் சொல்லியிருப்பேன். நீதான் அவசரப்பட்டுட்டே."

பெண்ணின் முகம் தொங்கியது. பச்சையை ஒரு பார்வை, பெரியப்பாவை ஒரு பார்வை. "இப்போ கேக்கிறேனே, பெரியப்பா?"

"இப்பவா?" அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "யோசிக்கணும்."

மொத்தக் குடும்பமும் அவர் தலை அசையுமா என்று பார்த்து நின்றது. மேனேஜர் ஓடிப்போய் அவர் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தார்.