துரு கழுவிய மணல்

கணபதி பகுதியில் எங்கள் தெரு முழுக்க குரோமிய முலாம் பூசும் பட்டறைகள். என் கணவர் சசிதருடையதும் ஒன்று. போர்வெல் தண்ணீர் லேசான மஞ்சளாக வரும். அத்தனையும் பட்டறைக் கழிவின் குரோமியம், கிட்னியைக் கெடுக்கும். அவருக்கு ஏற்கெனவே கிட்னி பாதிதான் வேலை செய்கிறது. கேன் தண்ணீர் வாங்குங்கள் என்றால் மனுஷன் கேட்டால்தானே! "சப்புனு இருக்குது, எனக்கு வேண்டாம்" என்பார்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுப்பவள் நான். நானே ஒரு டிரம்மில் பில்டர் செய்தேன். மணலை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து வறுத்தால் அதன் மேல் துரு படியும். தண்ணீர் இறங்கும்போது குரோமியம் அந்தத் துருவில் ஒட்டிக்கொள்ளும். லேபில் கொடுத்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர் என்றார்கள். "துருப்புடிச்ச மண்ணுல வடிகட்டறா பாரு" என்று பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அதைத்தான் குடித்தார்.

தை மாதம் அவர் கால் வீங்கியது. சந்தேகப்பட்டு டிரம்மைத் திறந்தேன். மணல் அரிசி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"ஏனுங்க, இதை யாரு தொட்டது?"

"நாந்தான். ஆயுத பூசைக்கு மிசினெல்லாம் கழுவறப்ப அதையும் ஆசிட் ஊத்திக் கழுவிப்போட்டேன். ஒரே துரு! நீ வேற எதுக்குக் கஷ்டப்படோணும்னுதான்."

துரு போனால் அது வெறும் மணல். அன்றிலிருந்து மஞ்சள் தண்ணீரை அப்படியே குடித்திருக்கிறோம். என் கிட்னி தாங்கிவிட்டது.

கத்தியிருக்க வேண்டும். கோபமே வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போயிருந்தேன். "சாப்பிட வாங்க" என்றேன்.

இனி டயாலிசிஸ்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"என்ற சம்சாரம் செஞ்ச பில்டர் தண்ணிங்க. கெமிஸ்ட்ரி டீச்சருங்க" என்றார் இவர், பெருமையாக.

லேபில் புதிதாக எடுத்து நான் கொண்டுபோன தண்ணீர் ரிப்போர்ட்டை டாக்டர் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு குரோமியம் இருக்கே. படிச்சவங்க நீங்களே இப்படி ஒண்ணைச் செஞ்சு குடுக்கலாமாம்மா?"

துருவைக் கழுவியது இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். இவர் முகம் சட்டென்று சிறுத்துப்போனதைப் பார்த்தேன். ரிப்போர்ட்டை வாங்கி மடித்தேன்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடு அம்மணி. தெரியாமத்தானே செஞ்சுபோட்டே. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை."

"சரிங்க" என்றேன்.