நான்கு மணிக்கு முன் வரைந்த மெழுகுத்திரி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. பங்குச் சந்தையில் புதிதாக இறங்குபவர்களுக்கு, மெழுகுத்திரி வரைபடம் பற்றி எளிய தமிழில் ஒரு கைப்புத்தகம் வேண்டும் என்று பதிப்பாளர் ஒருவர் கேட்டார். முன்பணமும் கொடுத்தார். அதைச் சந்தையில் போட்டேன். போயிற்று. இனி நான் யாருக்குச் சந்தைக் கட்டுப்பாடு சொல்லிக்கொடுப்பது? அதனால் வேறொருவனை மாட்டிவிடுகிறேன். பெயர் மருதமுத்து. ஊர் மலாக்கா, காஜா பெராங். வருடம் 1957.

2.

முதல் தொடக்கம்: "சுதந்திரக் காற்று வீசத் தொடங்கியிருந்த அந்த நாட்களில்..."

சே. காற்றை வீசவிட்டால் கதை படுத்துவிடும்.

இரண்டாவது: "எண்களின் மௌனத்தை வாசிக்கத் தெரிந்தவன்..." (இதை எழுதிய கையை உடைக்க வேண்டும்.)

மூன்றாவது: மருதமுத்து ரப்பர் கிடங்கில் எடை எழுதும் கிராணி. ஜப்பான்காரன் காலத்தில் ஓர் அரிசி வியாபாரியிடம் மூட்டை எண்ணியபோது, அந்த ஆள் தினசரி விலையைப் பெட்டி பெட்டியாக வரைவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். காலையில் தொடங்கிய விலைக்கும் மாலையில் முடிந்த விலைக்கும் நடுவே ஒரு பெட்டி. அன்று தொட்ட உச்சமும் அடிமட்டமும் மேலும் கீழும் நீளும் திரி. விலை ஏறினால் பெட்டி வெற்றாக இருக்கும், இறங்கினால் உள்ளே மை அடைக்க வேண்டும். அவ்வளவுதான். (பதிப்பாளரே, முதல் அத்தியாயம் முடிந்தது.)

3.

அவன் மனைவி சாரதாம்பாள் காஜா பெராங் செட்டிக் குடும்பத்துப் பெண். பல தலைமுறையாக மலாக்காவில் வாழ்ந்து தமிழை மறந்த குடும்பம்; அவள் பேசுவது மலாய். நான்தான் தமிழ் பேச வைக்கிறேன். தெரிந்தால் திட்டுவாள்.

"என்னா தினம் மெழுகுத்திரியா வரையிறீங்க? உஜோங் பாசிர் சிராணிக்காரங்க மாதா கோயிலுக்கா?"

"இது ரப்பர் கம்பெனிப் பங்கோட விலை, சாரதா. பாத்து வாங்கினா காசு வரும்."

வாங்குவதற்குக் காசு இல்லை. அவளிடம் குரோசாங் இருந்தது. கெபாயா சட்டைக்குப் பொத்தான் கிடையாது. குரோசாங் என்னும் மூன்று தங்க ஊக்குகள்தான் முன்பக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கும். அவற்றை அடகு வைக்கக் கேட்டான். கொடுத்தாள்.

"மூணையும் ஒரே சீட்டுல வெக்காதீங்க. தனித்தனிச் சீட்டு வாங்குங்க. ஆவணியில என் தங்கச்சி சிவகாமசுந்தரிக்குக் கல்யாணம். அதுக்குள்ள மூணும் என் நெஞ்சுல இருக்கணும்."

ஒவ்வொன்றுக்கும் நூறு வெள்ளி கிடைத்தது. பங்குக்கு ஒரு வெள்ளி ஐம்பது காசு விலையில் இருநூறு பங்கு வாங்கினான். சுவரில் இரண்டு விதிகளை எழுதி ஒட்டினான். நாலு மணிக்குச் சந்தை முடியும்வரை பேனாவைத் தொடாதே. முடிந்த விலை ஒன்று நாற்பதுக்குக் கீழே போனால் மறுநாள் காலையே விற்றுவிடு.*

* இதே விதிகள் என் வீட்டுச் சுவரிலும் உண்டு. சுவர் ஒழுங்காகத்தான் கடைப்பிடிக்கிறது.

4.

ஜூலையில் மாமனார் வீட்டில் பர்ச்சு வந்தது. முன்னோருக்குப் பழமும் பலகாரமும் சோறும் இலையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். மூன்றரைக்குப் படையல். மருமகன் நகர முடியாது.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் தரகர் சிதம்பரநாதன், தொலைபேசியில் வரும் விலையைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். அன்று மத்தியானம் விலை ஒன்று ஐம்பத்தாறு. நாலு மணிக்குள் என்ன பெரிதாக மாறிவிடும் என்று நினைத்தான் மருதமுத்து. அழகான வெற்றுப் பெட்டி ஒன்றை நோட்டில் மையால் வரைந்து மூடிவைத்துவிட்டுப் படையலுக்குப் போனான்.

செத்தவர்கள் சாப்பிட்டு முடியட்டும் என்று இந்த மனிதன் பசியோடு முக்கால் மணி நேரம் கல்லாக உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருக்கும் விலை முடியும்வரை மட்டும் உட்கார முடியவில்லை.

நாலு மணிக்கு விலை ஒன்று முப்பத்து நாலு. மறுநாள் காலையில்தான் பலகையில் பார்த்தான். விதிப்படி உடனே விற்க வேண்டும். ஆனால் நோட்டில் வெற்றுப் பெட்டி பளிச்சென்று இருக்கிறதே! மூன்று மாதமாக ஓர் அடித்தல்கூட இல்லாத நோட்டு. தொலைபேசியில் ஏதோ தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். விலை ஒன்று இருபதுக்கு வந்தது. பிறகு ஒன்று பத்து.

(இவ்வளவு மடையன் ஒருவன் இருப்பானா என்று இங்கே பேனாவைக் கீழே வைத்தேன். முன்பணம் ஞாபகம் வந்தது. மறுபடி எடுத்தேன்.)

5.

கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன சாரதாம்பாள் பலகையைப் பார்த்தாள். ஒன்று ஐந்து. சிதம்பரநாதனிடம் பழைய விலைகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள்.

"பர்ச்சு அன்னிக்கு நாலு மணிக்கு என்னா விலை?"

"ஒண்ணு அம்பத்தாறு."

"அது மத்தியான விலை. தரகர்கிட்ட கேட்டுட்டேன். ஒண்ணு முப்பத்து நாலு."

மருதமுத்து தரையைப் பார்த்தான். "ஏறிடும் சாரதா. மெர்டேக்கா வரட்டும், எல்லாம் ஏறிடும்."

"அலாமாக்! நாட்டுக்குச் சுதந்திரம் வந்தா என் குரோசாங் தானா நடந்து வீட்டுக்கு வந்துடுமா?"

"வெக்கமா இருந்துச்சு. தப்பா வரைஞ்சிட்டேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் பேனாவை எடுத்தாள். அன்று காலை தொடங்கிய விலையிலிருந்து ஒன்று முப்பத்து நாலு வரை பெட்டியைக் கீழே இழுத்தாள். மூலை முடுக்கு விடாமல் மை அடைத்தாள்.

"இப்ப சரி. நாளைக்குக் காலையில வித்துட்டு வாங்க."

6.

முடிவு அ: மறுநாள் விலை விர்ரென்று ஏறி, மூன்று குரோசாங்கும் திரும்பி, மேளம் கொட்ட... பதிப்பாளருக்குப் பிடிக்கும். இதை நம்பி நீங்களும் விற்காமல் உட்கார்ந்துவிடுவீர்கள். வேண்டாம்.

முடிவு ஆ: அவன் விற்காமல் இருக்க, கம்பெனி மூழ்க... சாரதாம்பாள் விடமாட்டாள்.

முடிவு இ: விற்றான். இருநூற்றுப் பத்து வெள்ளி. வட்டியோடு இரண்டு சீட்டை மீட்க அது சரியாகப் போயிற்று. தனித்தனிச் சீட்டு கேட்டவள் புண்ணியம். மூன்றாவதை மீட்கக் காசு இல்லை. கெடு தாண்டியதும் கடைக்காரன் விற்றுவிட்டான். பிறகு பங்கு விலை ஏறியதா? எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

கல்யாணக் காலை. கண்ணாடி முன் சாரதாம்பாள் கெபாயாவோடு நிற்கிறாள். இரண்டு குரோசாங், ஒரு சேஃப்டி பின்.

"நான் வரல சாரதா. உன் சொந்தக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"வரணும். எம் பக்கத்துலயே நிக்கணும்." பின்னை அவன் கையில் கொடுக்கிறாள். "எங்க குத்தணும்னு நீங்களே சொல்லுங்க."

கீழே குத்தினால் அவள் கோத்த கைகள் மறைத்துவிடும். அவனும் தீபாவளிக்குள் மறந்துவிடுவான். மேலே குத்தினால் காஜா பெராங் முழுக்கப் பார்க்கும். சாகும்வரை நாலு மணிக்கு முன் பேனாவைத் தொடமாட்டான். ஆனால் ஊர் பார்க்கப்போவது அவன் நெஞ்சை அல்ல, அவளுடையதை.

நான் இரண்டு நாளாக யோசித்துவிட்டேன். என்னால் முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், மேலேயா, கீழேயா? அவன் பின்னைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான்.